நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

ஜூலை 10, புதன்

ஆவுடையம்மாளைக் கொன்றது எங்கள் குவாரி.

நேற்று மதியம் ஒன்று பத்துக்கு வெடி போட்டார்கள். அதே ஒன்று பத்துக்கு அவள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். உரிக்காத தேங்காய் அளவுக் கல் ஒன்று வந்து தலையில் விழுந்தது. சத்தம்கூடப் போடவில்லை என்று அவள் புருஷன் பொன்னுலிங்கம் சொன்னார். கையில் தேங்காய் நார் அப்படியே இருந்ததாம்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. குவாரிக்குள் கால் வைக்கவில்லை. கேட்டிலேயே மேனேஜர் ரத்தினசபாபதியோடு நின்று பேசினார்கள். பிறகு என் அண்ணன் கொம்பையாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் இங்கே டிப்பர் ஓட்டுகிறான். ஆவுடையம்மாள் வீட்டை ஒட்டிய வளைவில் அந்த நேரம் போனது அவன் வண்டி. கல் அவன் லோடிலிருந்து தெறித்து விழுந்தது என்று எழுதிவிட்டார்கள்.

அவன் வண்டி அந்த நேரத்தில் அங்கே போகாமல் வேறு எங்கே போகும்? வெடிக்கு முன் இரண்டாம் சங்கு ஊதியதும் கேட்டை மூடுவார்கள். மூடினால் அரைமணி நேரம் திறப்பதில்லை. அதனால் முதல் சங்கு கேட்டதுமே லோடு ஏற்றிய டிப்பர் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடும். தினமும் இப்படித்தான். தினமும் வெடிக்கிற நேரத்தில் ஏதோ ஒரு டிப்பர் அந்த வளைவில் இருக்கும். இந்தச் சாக்கு அவர்களுக்கு எப்போதும் தயாராக ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் இதே குவாரி ஆபீசில் பதிவேடு எழுதுகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு. அம்மா கிரஷரில் இருக்கிறாள். மூன்று பேரும் இருப்பது கம்பெனி கட்டிய வரிசை வீட்டில். வெளியே போக, உள்ளே வர ஒரே கேட்.

நேற்றைய பதிவேட்டில் இருபத்திரண்டு வெடிக்குழி, ஐம்பத்து நான்கு கிலோ வெடிமருந்து என்று இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

தண்ணீர் வரவில்லை. துவைக்க ஊறவைத்த அண்ணன் சட்டைகள் நாற்றம் எடுத்துவிட்டன. அம்மா வேலைக்குப் போனாள். போகாவிட்டால் வீட்டைக் கேட்பார்கள்.

ஜூலை 13, சனி

மேனேஜர் எனக்கு ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. "மனசு சரியில்லாம இருப்ப, வீட்ல இரும்மா" என்றார். என் மேசைச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் சர்வே வரைபடத்தைப் போன வருஷம் ஒருமுறை போனில் படம் எடுத்திருந்தேன். அதை வைத்து அளந்தேன். வெடி போட்ட பாறை முகத்திலிருந்து ஆவுடையம்மாள் வீட்டுப் பின்பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஒரு பொருள் மிகத் தூரம் போவது நாற்பத்தைந்து டிகிரியில் கிளம்பினால். கிளம்பும் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்தால் தூரம் வந்துவிடும். நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் போக நொடிக்கு அறுபத்து மூன்றரை மீட்டர் வேகம் வேண்டும். காற்றுத் தடைக்காக இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். அந்தக் கல்லின் எடை இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. ஆறு கிலோவானாலும் அறுபது கிராமானாலும், ஒரே வேகத்தில் கிளம்பினால் ஒரே தூரம். காற்றைச் சேர்த்துப் பார்த்தால் சின்னக் கல்தான் சீக்கிரம் தளர்ந்து விழும். பெரிய கல் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் வெடியில் வழக்கமாக நூறு மீட்டருக்குள் கல் விழும். அதற்கு முப்பத்தொன்று போதும். திங்கட்கிழமைவரை முப்பத்தொன்று. செவ்வாயன்று மட்டும் அறுபத்து மூன்று.

வேகம் இரண்டு மடங்கு. தூரம் நான்கு மடங்கு. ஐம்பத்து நான்கு கிலோ மருந்தில் இது நடக்காது.

இதற்கு மேல் கணக்குப் போடவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி வைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

காலையில் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம். ஊர்க்காரர்கள் குவாரியை நிறுத்தச் சொல்லி மறியல் செய்வதாக இருந்தது. மேனேஜர் தானே வந்தார். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. போலீஸ் வைத்திருக்கும் கல்லைப் போலவே ஒரு கல்லைத் தராசோடு கொண்டு வந்திருந்தார். ஆறு கிலோ நானூறு கிராம்.

"நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வரல. நீங்கல்லாம் கல்லோட பொறந்தவங்க. நீங்களே சொல்லுங்க" என்றார். சுடலைமணியைக் கூப்பிட்டார். எங்கள் குவாரியில் லோடு தூக்குகிறவர்களில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

முதலில் எலுமிச்சை அளவு ஒரு கல்லைக் கொடுத்தார். சுடலைமணி நாலடி பின்னால் போய், ஓடிவந்து வீசினான். கல் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஏ சொடல, கேரளாவுல போய் விழுந்திருக்கும்ல!"

"செக்போஸ்ட்ல பிடிச்சுருப்பான். அதுக்குப் பாஸ் இல்லல்லா!"

சிரித்தார்கள். ஆவுடையம்மாள் செத்து ஐந்து நாள்தான் ஆகிறது.

பிறகு அந்த ஆறு கிலோ கல்லைக் கொடுத்தார். சுடலைமணி இரண்டு கையாலும் தூக்கி, முக்கி, எறிந்தான். பத்து அடியில் தொம் என்று விழுந்தது. அவ்வளவுதான். கூட்டம் அடங்கிவிட்டது. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் மனசுக்குள் அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இம்புட்டுக் கல்லு நானூறு மீட்டர் பறந்துச்சாக்கும். றெக்கையா மொளச்சிருந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"சின்னச் சிப்பிக்கல்லு வந்து விழும், நானே பாத்திருக்கேன். இது வராதுய்யா. இது லாரியில இருந்து விழுந்ததுதான்."

பொன்னுலிங்கமும் தலையை ஆட்டினார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். இருபது வருஷம் இதே குவாரியில் கல் சுமந்தவர். அவர் தோள் சொல்வதை அவர் நம்பினார்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்த வித்தை செல்லாது. கல்லைத் தொடாதவன் சந்தேகப்பட்டிருப்பான். எங்கள் ஊரில் கை காய்த்துப் போகாத ஆள் இல்லை. எடை கூடினால் தூரம் குறையும் என்று ஒவ்வொரு கைக்கும் தெரியும். அந்தக் கைகளையே சாட்சிக்குக் கூப்பிட்டு எங்களுக்கு எதிராகப் பேசவைத்துவிட்டார். படித்த அயோக்கியன்.

நான் முன்னால் போனேன். "மாமா, அது மனுசன் கை. கனம் கூடுனா கை தளரும், மெதுவாத்தான் வீசும். வெடி அப்படி இல்ல. பாறையில இருந்து பேந்து வர்ற சின்னது பெருசு எல்லாத்தையும் ஒரே வேகத்துல தள்ளும். கிளம்புற வேகம்தான் கணக்கு" என்று பொன்னுலிங்கத்திடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒங்க அண்ணனுக்காகப் பேசுத. பேசு தாயி. பேசாம என்ன செய்வ" என்றார்.

மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "சந்தனமாரி, அப்ப எவ்வளவு மருந்து போட்டா அந்த வேகம் வரும்னு சொல்லு. பதிவேட்டுல எவ்வளவு இருக்கு? நீதான எழுதுற."

வெயில் தலையில் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

அம்மாவுக்குச் சோறு கொண்டு கிரஷருக்குப் போனேன். பெல்ட்டுக்குப் பக்கத்தில் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவளும் ஞாயிற்றுக்கிழமை தலையாட்டியவள்தான். பெற்ற மகன் ஜெயிலில் இருக்கிறான், இவள் தலையாட்டினாள்.

முதல் உடைப்பிலிருந்து வரும் பெல்ட் அது. தூசு, ஜல்லி, பெரிய கல் எல்லாம் கலந்து ஏறிப்போய் நுனியிலிருந்து விழும்.

"எம்மா, இதுல தூசு எங்க விழுது?"

"கிறுக்கா ஒனக்கு? கீழதான் விழுது."

"நல்லாப் பாரு. பெல்ட்டுக்குக் கிட்டயா, தள்ளியா?"

பத்து வருஷமாகப் பார்க்கிறவள், பார்க்கவே வேண்டியதில்லை. "தூசு காலடியில கொட்டும். பெருங்கல்லு தள்ளிப்போய் விழும். அதான் நாங்க இந்தப் பக்கம் நின்னு கூட்டுதோம், அந்தப் பக்கம் நின்னா மண்ட ஒடையும்லா" என்றாள்.

"பெல்ட்டு பெருங்கல்லுக்கு மட்டும் வேகமா ஓடுதா?"

"அது எல்லாத்துக்கும் ஒரே ஓட்டம்தானட்டி."

சொல்லிவிட்டு நின்றாள். சோற்றுத் தூக்கு கையில் இருந்தது. பெல்ட் நுனியையே பார்த்தாள்.

"போன மாசம் பெல்ட்டச் சுத்துற புல்லிய மாத்துனானுவ" என்று அவளே சொன்னாள். "ஓட்டம் கூடிப் போச்சு. குவியல் ரெண்டு ஆள் நீளம் தள்ளிப் போய்ட்டு."

பிறகு சாப்பிட உட்கார்ந்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கடைசியில் கேட்டாள்: "அப்ப எம்புட்டு மருந்துட்டி போட்டானுவ?"

தெரியாது என்றேன்.

ஜூலை 18, வியாழன்

கிளைச் சிறையில் அண்ணனைப் பார்த்தேன். நடுவில் கம்பிவலை. இந்தப் பக்கம் பதினைந்து பேர், அந்தப் பக்கம் பதினைந்து பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சவரம் செய்யாமல் அப்பா மாதிரி இருந்தான்.

"அம்மா சாப்பிடுதாளா?"

"சாப்பிடுதா. நீ?"

"இங்க புளிக்கொழம்பு ஒன்னோடத விட நல்லா இருக்குட்டி" என்று சிரித்தான்.

கம்பெனி வக்கீல் வந்து பார்த்தாராம். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்காதபடி பெரிய பிரிவாகப் போட்டிருக்கிறார்கள். இருபத்தாறாம் தேதி கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு 'ஓவர்லோடு ஏற்றினேன், கல் என் வண்டியிலிருந்துதான் விழுந்தது' என்று எழுதிக் கொடுத்தால் ஜாமீனுக்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பிரிவையும் குறைப்பார்கள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திரலாம்னு இருக்கேன்" என்றான்.

"உன் வண்டியில இருந்து விழலையே. ஒரு உயிரக் கொன்னவன்னு ஆயுசுக்கும் பேரு. லைசென்ஸ் போயிரும். அப்புறம் எந்த வண்டிய ஓட்டுவ?"

"மாடு மேய்ப்பேன்."

"அண்ணே, நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். நிரூபிக்கலாம்."

அவன் வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கத்தாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான்: "நீ வாயத் தொறக்காத. தொறந்தா அந்தப் பதிவேட்டக் கேப்பான். அதுல யாரு கையெழுத்து?"

மணி அடித்துவிட்டார்கள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சாரல் அடித்தது. ஜன்னல் மூடவில்லை.

ஜூலை 19, வெள்ளி

லீவு முடிவதற்கு முன்பே கூப்பிட்டு மேசைச் சாவியைக் கொடுத்துவிட்டார் மேனேஜர். இன்று பதினெட்டுக் குழி. மேஸ்திரி தவசிக்கண்ணு வந்து, "நாப்பத்தஞ்சுன்னு எழுதிக்கோ" என்றார்.

எழுதினேன்.

ஜூலை 21, ஞாயிறு

பதிவேட்டில் ஐம்பத்து நான்கு என்று 'இருக்கிறது' என்று பத்தாம் தேதி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அது தானாக அங்கே வந்து உட்காரவில்லை. நான் எழுதினேன். போட்டது தொண்ணூற்றாறு கிலோ. பெட்டிகளை எண்ணி இறக்கியது என் முன்னால்தான்.

இரண்டு வருஷமாக இப்படிக் குறைத்து எழுதுகிறேன்; ஆனால் வழக்கமாகக் கூடுவது இரண்டு மூன்று கிலோதான். அனுமதி உள்ள அளவுக்குள் எண் இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள வெடிகாரர் வேறு ஊரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவார். தவசிக்கண்ணு சொல்வார், நான் எழுதுவேன். முதல் வாரம் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அப்புறம் இல்லை.

மருந்து கூடினால் குழியின் வாயை அடைக்க இடம் இருக்காது. முழங்கை ஆழத்துக்கு மண் போட வேண்டிய இடத்தில் ஒரு சாண்தான் போட்டார்கள். அதையும் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. குழிக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே ஐந்து அடிப் பாறையாவது இருக்க வேண்டும். மருந்தின் வேகத்தைத் தாங்கிக்கொள்வது அந்தக் கனம்தான். எங்கள் ஆட்கள் அதை மேலே நின்றுதான் அளப்பார்கள். யாரும் கீழே இறங்கி அண்ணாந்து பார்ப்பதில்லை. இறங்கி ஏற அரைமணி நேரம் ஆகும். ஆனால் வெடிக்கு முந்தின நாள் திங்கட்கிழமை, லாரிகள் காத்துக் கிடக்கின்றன என்று பொக்லைனை விட்டு அதே முகத்தின் அடியில் தோண்டி எடுத்திருந்தார்கள். மேலே ஐந்து அடி. அடியில் இரண்டு அடி இருந்தால் அதிகம். பொக்லைன் எங்கே எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதுவதும் நான்தான். எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மேலே நின்று டேப்பின் ஒரு முனையைப் பிடித்தது நான். "அஞ்சு அடி" என்றார் தவசிக்கண்ணு. அஞ்சு அடி என்று எழுதினேன்.

பதிமூன்றாம் தேதி பாதியில் விட்ட கணக்கை இன்று முடித்தேன். ஐம்பத்து நான்குக்குப் பதில் தொண்ணூற்றாறு, அதில் தூரம் ஒன்றே முக்கால் மடங்காகும். தள்ள வேண்டிய பாறை ஐந்து அடிக்குப் பதில் இரண்டு அடி, அதில் இரண்டரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நான்கு மடங்குக்கு மேல். நூறு மீட்டர் நானூற்று நாற்பதாகிறது. காற்று கொஞ்சத்தைத் தின்னும். நானூற்றுப் பன்னிரண்டு.

எந்தத் தேர்விலும் எனக்கு இவ்வளவு சரியாக விடை வந்ததில்லை.

ஜூலை 23, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க அண்ணன் வீட்ல இருப்பான். அம்மாவுக்கு அதே வேலை, அதே வீடு. உனக்கும் இதே மேசை. யாருக்கும் கெடுதல் இல்லாம முடிக்கணும்னுதான் முதலாளி நினைக்கிறாங்க."

"ஆவுடையம்மாளுக்கு?"

"அந்தம்மா விதி." டீயை ஊதிக் குடித்தார். "நீ புத்திசாலிப் பொண்ணு. தப்பான கணக்கு எழுதுனா எத்தனை வருஷம்னு உனக்கே தெரியும். நான் எழுதல. முதலாளி எழுதல. அந்த நோட்டுல எங்க யாரு எழுத்தும் இல்ல."

இரண்டு வருஷத்துக்கு முன் பி.எஸ்சி. இயற்பியல் என்றதும் உடனே வேலை கொடுத்தார்கள். எங்களுக்காக இவ்வளவு நல்லவர்களா என்று அம்மா கோவிலில் பொங்கல் வைத்தாள். படித்த பெண்ணின் அழகான எழுத்து அவர்களுக்கு எதற்கு வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

டீ நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 24, புதன்

ரேஷனில் கல் கலந்த அரிசி போட்டார்கள். ஒரு மணி நேரம் பொறுக்கினேன். வெடிச் சத்தத்தில் பாத்திரம் குலுங்கியது. இருபது குழி. ஐம்பது என்று எழுதினேன்.

ஜூலை 25, வியாழன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். தொண்ணூற்றாறு என்றதும் நிறுத்தினாள்.

"அப்ப ஒனக்குத் தெரியும். அன்னைக்குப் பெல்ட்டுல வச்சுக் கேட்டேன், தெரியாதுன்ன."

"ஆமா."

"நாளைக்குப் போய்ச் சொன்னா அவன விட்ருவானா?"

"விடணும். நிச்சயம் இல்ல."

"ஒன்னப் பிடிச்சிருவான். அது நிச்சயம்."

"ஆமா."

"ரெண்டு பேரும் உள்ள போய்ட்டா நான் எந்த வீட்ல இருந்து, யாருக்கு கஞ்சி காச்ச?"

அவள் அழவில்லை. மீதி வெங்காயத்தை உரித்தாள், வதக்கினாள், எனக்குத் தட்டில் போட்டாள்.

"நீ சொல்லலேன்னா அவன் கொலகாரன். சொன்னா நீ களவாணி" என்றாள். "இவனுவ என்ன?"

கை கழுவிவிட்டு வந்து, "நீல சேலையில ஓரம் பிரிஞ்சு கெடக்கு. மஞ்சளக் கெட்டிட்டுப் போ" என்றாள்.

ஜூலை 26, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எட்டரைக்கே வந்துவிட்டேன். கேட்டில் வாட்ச்மேன் எங்கே போகிறாய் என்று கேட்டான். அண்ணனைப் பார்க்க என்றேன். அவன் உடனே போனை எடுத்தான்.

இன்ஸ்பெக்டர் இல்லை. புகார் எழுதும் ஏட்டு இருந்தார். ஐம்பது வயது இருக்கும். முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆவுடையம்மாள் கேஸ் என்றதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். மூடியது எனக்குக் கேட்டது.

நின்றுகொண்டே சொன்னேன். இருபத்திரண்டு குழி. தொண்ணூற்றாறு கிலோ. ஐம்பத்து நான்கு என்று எழுதியது நான். அடியில் தோண்டியது தெரிந்தும் ஐந்து அடி என்று எழுதியது நான். கொம்பையா வண்டியிலிருந்து கல் விழவில்லை. வெடியில் வந்தது. தூரம், வேகம், எல்லாவற்றையும் இரண்டு தாளில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஏம்மா, யாராவது தானா வந்து என்னப் பிடின்னு சொல்லுவாங்களா? வீட்டுக்குப் போம்மா. ஒங்க அண்ணன் சாயங்காலம் வந்துருவான்" என்றார்.

"அவன் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால நீங்க எழுதணும்."

"இந்தக் கேஸ்ல குற்றவாளி ஏற்கெனவே இருக்காருல்லா."

"தப்பான ஆள் சார்."

அவர் எழுந்து உள் அறைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்தது. போனில், "ஆமா சார். இங்கதான் சார். சரி சார்" என்பது கேட்டது. பிறகு வெளியே வந்து, என் பக்கம் திரும்பாமல், ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். நான் கொண்டுவந்த தாள்கள் மேசையில் கிடந்தன. தொடவில்லை. பாரா நின்ற பெண் போலீஸ் என் வயசுதான் இருப்பாள். அவளிடம் நீட்டினேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மணி பத்தே கால். கோர்ட் பத்தரைக்கு. பக்கத்துத் தெருதான். அண்ணனைக் கொண்டுவரும் வேன் ஜன்னலுக்கு வெளியே மெதுவாகத் திரும்பியது. வலைக்குப் பின்னால் நாலைந்து பேர் தலை. எது அவன் தலை என்று தெரியவில்லை. கத்தினால் கேட்டிருக்குமோ என்னவோ.

எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். ஜன்னலோரம் நின்றவரின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். மெதுவாக ஒருமுறை. அந்த வளாகம் முழுக்கக் கேட்கும்படி இன்னொருமுறை. இதோ மூன்றாவது முறையும் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்:

"ஏட்டய்யா, பேனாவ எடுங்க. என் பேரு சந்தனமாரி. எழுதுங்க."